நிரந்தர வதிவிடம் நிரந்தரமன்று!

திருமணப் பேச்சென்று வந்துவிட்டால் நம்மவர் கேளாத கேள்வி இல்லை. சாதகம் பார்க்கின்றனர், குலங்கோத்திரம் விசாரிக்கின்றனர், சீதனக் காணியைப் பரப்புக் கணக்கில் அளக்கின்றனர். மாப்பிள்ளை சூரிச்சிலா, ரொறன்ரோவிலா, ஒஸ்லோவிலா, இலண்டனிலா, அவர் செய்யும் தொழில் யாது, வாங்கும் சம்பளம் எவ்வளவு என்பனவற்றையும் துருவித் துருவி அறிகின்றனர். ஆனால், கடல் கடந்து போகும் பெண் அந்நாட்டிலே எந்த உரிமையோடு வாழப் போகிறாள், அவளுக்குக் கிடைக்கவிருப்பது வதிவிட அனுமதியா, பிரசாவுரிமையா, அந்த அனுமதி யாருடைய கையில் தங்கியிருக்கிறது என்னும் கேள்வி மட்டும் நமது முற்றங்களில் எழுவதில்லை.

கேளாது விட்ட அந்தக் கேள்வியே பின்னாளில் பல வீடுகளில் கண்ணீராக வடிகின்றது. ஆதலின் இக்கிழமை அதனையே எடுத்துக்கொள்கிறோம். நாம் கூற விரும்புவது இதுதான்: மணமுடித்து அயல்நாட்டில் வாழச் சென்றவர், அந்நாட்டுச் சட்டம் இடந்தருமாயின், வதிவிட அனுமதியோடு நின்றுவிடாது பிரசாவுரிமையைப் பெறுதல் வேண்டும், பெறுவதற்கு முன்னரே தமது இலங்கைப் பிரசாவுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விண்ணப்பித்தலும் வேண்டும். இவ்விரண்டையும் செய்ய விழையும் இம்மண்ணின் மக்களை அமைச்சரின் தயவுக்குக் காத்துநிற்க வைக்கும் நமது நாட்டுச் சட்டமோ மாற்றப்படல் வேண்டும்.

இரண்டும் ஒன்றா?

"இரண்டுக்கும் என்ன வேற்றுமை? வதிவிட அனுமதி இருந்தால் வேலை செய்யலாம், வைத்தியம் கிடைக்கிறது, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. கடவுச்சீட்டின் நிறத்துக்காக ஏன் அலைய வேண்டும்?" என்று வினவுவோர் உளர். அன்றாட வாழ்வில் வேற்றுமை தென்படாது என்பது மெய்யே. தொழில் நன்றாக நடக்கும்போதும், கணவனும் மனைவியும் ஒற்றுமையாய் இருக்கும்போதும், ஊரிலே தாய் தந்தையர் சுகமாய் இருக்கும்போதும் வதிவிட அனுமதி போதுமானதாகவே தோன்றும். மழை பெய்யாத காலத்தில் ஒழுகும் கூரையும் நல்ல கூரைதான்!

வதிவிடம் என்பது அந்நாட்டு அரசு தரும் அனுமதி. தந்தவர் அதற்கு நிபந்தனை விதிக்கலாம். நிபந்தனை மீறப்பட்டதென்று திரும்பப் பெறலாம். பிரசாவுரிமையும் அசைக்கவொண்ணாக் கற்பாறை அன்று. பொய்கூறிப் பெற்றது பறிபோகலாம். ஆயினும், ஊரிலே சில மாதம் கூடுதலாகத் தங்கிவிட்டார் என்பதற்காக எந்த நாடும் தன் பிரசையை வாயிலில் மறித்து நிறுத்துவதில்லை. கனடாவை எடுத்துக்கொள்வோம். அங்கே நிரந்தர வதிவிடம் பெற்ற ஒருவர் பாரதூரமான குற்றத்துக்காக ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றால், சிறுவயது முதல் அந்நாட்டிலேயே வளர்ந்தவராயினும் நாடுகடத்தப்படலாம். அதே குற்றத்தைச் செய்த கனடியப் பிரசை தண்டனையை அனுபவித்துவிட்டு வீடு திரும்புவார். குற்றம் ஒன்றே, தண்டனையோ இரண்டு! "நாளைக்குப் பார்ப்போம்" என்று விண்ணப்பத்தை ஒத்திப்போடும் பெற்றோர் தம் பிள்ளைகளை எந்த ஆபத்தில் வைத்திருக்கின்றனர் என்பதை உணரவேண்டாமா?

ஊர்ப்பற்றுக்கு வந்த சோதனை

பிரசாவுரிமை பெறத் தயங்குவோர் கூறும் முதற் காரணம் ஊர்ப்பற்று. "பிறந்த மண்ணை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, என்றோ ஒருநாள் திரும்பிப் போவோம், அதுவரை வதிவிடம் போதும்" என்பர். அவ்வுணர்ச்சியை நாம் மதிக்கிறோம். ஆனால், சட்டம் அவ்வுணர்ச்சிக்கு என்ன கைம்மாறு செய்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தனரா?

கனடாவில் நிரந்தர வதிவிடத்தைக் காத்துக்கொள்ள, ஐந்தாண்டில் 730 நாட்கள் அந்நாட்டில் இருத்தல் வேண்டும். கனடியப் பிரசையான கணவனுடன் ஒன்றாக வெளிநாட்டில் வாழ்ந்த நாட்கள் கணக்கிற் சேரும். தனியே ஊருக்கு வந்து நோயுற்ற தாயைப் பராமரித்த நாட்கள் சேரா. பிரித்தானியாவில் வதிவோருக்குப் பொதுவிதி, தொடர்ந்து இரண்டாண்டு வெளியே இருந்தால் அவ்வுரிமை அற்றுப்போம் என்பது. சுவிற்சர்லாந்திலோ, முன்கூட்டி விண்ணப்பித்து அனுமதி பெறாமல் ஆறு மாதம் வெளியே தங்கினால் 'சி' அனுமதியும் காலாவதியாகிவிடும்.

இதன் பொருள் யாது? ஊரை மறவாதிருக்கும் பொருட்டு வதிவிடத்தோடு நிற்பவரே ஊரில் நெடுநாள் தங்க இயலாதவராகின்றார்! தகப்பனார் பாரிசவாதத்தால் படுக்கையில் வீழ்ந்தால், நாட்காட்டியைப் பார்த்துப் பார்த்துப் பணிவிடை செய்ய வேண்டியவர் அவர். காணி வழக்கு இழுபட்டால், பாதியில் விட்டு விமானம் ஏறவேண்டியவரும் அவரே. அந்நாட்டுப் பிரசாவுரிமையும் இலங்கைப் பிரசாவுரிமையும் ஒருங்கே உடையவரோ, இங்கு ஓராண்டு தங்கினாலும் மூவாண்டு தங்கினாலும் கேட்பார் இல்லை. ஆகவே, ஊர்ப்பற்று உடையவர்க்கே பிரசாவுரிமை அதிகம் வேண்டும் என்கிறோம்.

நம் பாட்டன்மார் மலாயாவுக்குச் சென்று உத்தியோகம் பார்த்து, ஓய்வூதியத்தோடு திரும்பி வந்து கல்வீடு கட்டியதைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அக்காலத்தில் அங்கும் இங்கும் ஆண்டது ஒரே வெள்ளைக்காரன். எந்நாட்டுப் பிரசை என்ற வினா அன்று எழவேயில்லை. அந்தக் காலத்து வழியில் இந்தக் காலத்துப் பயணம் போக முடியாது.

கணவன் கையிற் கயிறு

இரண்டாவது காரணம் இன்னும் பாரதூரமானது. அதனைப் பற்றி நம்மவர் வாய்திறப்பதில்லை. மணத்தின் வழியாக வந்த வதிவிடம் தொடக்கத்தில் மணத்தையே பற்றி நிற்கின்றது. சுவிற்சர்லாந்தில் சுவிஸ் பிரசையை மணந்தவர்க்கும் 'சி' அனுமதி கிடைக்கப் பொதுவாக ஐந்தாண்டு செல்லும். அதற்குமுன் மணம் முறிந்தால், மூன்றாண்டுக் கூட்டுவாழ்வும் அந்நாட்டு வாழ்வோடு இசைந்தமையும், அன்றேல் வீட்டு வன்முறை போன்ற தக்க காரணமும் காட்டியே அங்கு தொடர்ந்திருக்க முடியும். பிரித்தானியா, 2012ஆம் ஆண்டு வரை இரண்டாண்டாக இருந்த காத்திருப்பை ஐந்தாண்டாக நீட்டியது. கனடா 2012இல், பொறுப்பேற்று அழைக்கப்பட்ட துணைவர் இரண்டாண்டு சேர்ந்து வாழ்ந்தாலன்றி வதிவிடம் உறுதியாகாது என்றோர் நிபந்தனை விதித்தது. அடியும் உதையும் பட்டும் வாய்மூடிக் கிடக்கப் பெண்களை அது நிர்ப்பந்திக்கிறது என்ற கண்டனம் எழுந்தபின், 2017இல் அதனை நீக்கியது.

மொழி தெரியாத ஊர். உறவு இல்லாத வீதி. பத்திரங்கள் கணவனின் அலுமாரியில். "நீ இங்கே இருப்பது என்னால், நான் ஒரு கடிதம் எழுதினால் நாளைக்கே பலாலிக்கோ கட்டுநாயக்காவுக்கோ ஏற்றிவிடுவார்கள்" என்ற மிரட்டலைக் கேட்டு வாழும் பெண்ணுக்கு நாம் என்ன ஆறுதல் சொல்லப் போகிறோம்? வன்முறைக்கு உள்ளான மனைவியர்க்கு அந்நாட்டுச் சட்டங்களில் தனிப் பாதுகாப்பு உண்டு. அதனை அறிந்து நாடும் துணிவும் மொழியும் அவளுக்கு இருத்தல் வேண்டும். பிரசாவுரிமை பெற்றவளையோ எவரும் அப்படி மிரட்ட முடியாது.

மனைவியின் நாட்டுரிமை கணவனின் நிழலாய் இருத்தல் தகாது என்பது உலகம் ஒப்புக்கொண்ட நீதி. மணத்தாலோ மணமுறிவாலோ மனைவியின் நாட்டுரிமை தானாக மாறலாகாது என்று ஐக்கிய நாடுகள் சபை 1957ஆம் ஆண்டிலேயே ஓர் ஒப்பந்தம் வகுத்தது. இலங்கையிலும் அயல்நாட்டவரை மணந்ததால் மாத்திரம் எவரும் பிரசாவுரிமையை இழப்பதில்லை. சட்டம் தந்த இந்தத் தனித்த நிலையைப் பெண் தன் கையாற் பயன்படுத்த வேண்டும். கணவன் தன்னுடைய விண்ணப்பத்தை மட்டும் விரைந்து முடித்து, மனைவியினுடையதை "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளுவானாயின், அவளுடைய பெற்றோரும் சகோதரரும் ஏன் என்று கேட்கக் கடமைப்பட்டவர்.

நாம் மறக்கலாகாத பாடம்

"நிரந்தர வதிவிடத்தை யார் பறிக்கப் போகிறார்கள்?" என்று உலகில் வேறெவரும் கேட்கலாம். இலங்கைத் தமிழர் கேட்கலாமா?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிடம் எதைக் கேட்டது? நூறாண்டுக்கு மேலாகக் காட்டை வெட்டித் தேயிலையாக்கிய மக்களின் வழித்தோன்றல்களிடம், தந்தை இங்கு பிறந்ததற்குச் சான்று எங்கே என்றது. அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததற்குச் சான்று எங்கே என்றது. லயன் காம்பராவில் பிறந்தவனுக்குச் சான்றுப் பத்திரம் ஏது? அவர்கள் இந்நாட்டிலே வதிந்தனர், உழைத்தனர், இறந்தவரை இம்மண்ணிலேயே புதைத்தனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றம் அனுப்பினர். 1949இல் வாக்குரிமை பறிக்கப்பட்டது. 1952ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தில் அக்காங்கிரசுக்கு ஒருவர் கூட இல்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமோ 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்குபோட்டது. எஞ்சியோர் விடயம் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை செல்ல வேண்டியிருந்தது. வதிவிடம் இருந்தது; பிரசாவுரிமை இல்லை. அந்த ஒரு குறை ஐம்பத்தைந்து ஆண்டுகளை விழுங்கிற்று!

அதே 1948ஆம் ஆண்டிலேதான் கரீபியன் தீவுகளிலிருந்து 'வின்ட்றஷ்' என்னும் கப்பல் இங்கிலாந்தின் கரையை அடைந்தது. அக்கப்பலிலும் பின்வந்த கப்பல்களிலும் வந்து, 1973ஆம் ஆண்டுக்கு முன் குடியேறியோர்க்கு அந்நாட்டில் நிலையாக வாழும் உரிமை சட்டத்தில் இருந்தது. கையிலே பத்திரம் இருக்கவில்லை. அவர்தம் வருகையைக் காட்டும் பழைய பதிவுச் சீட்டுகளை உள்துறை அமைச்சே 2010இல் அழித்துவிட்டது. சட்டங்கள் கடுமையானபோது, அரை நூற்றாண்டு உழைத்து வரிகட்டிய முதியோர் வேலையிழந்தனர், வைத்தியம் மறுக்கப்பட்டனர், சிலர் நாடுகடத்தவும் பட்டனர். 2018இல் உண்மை வெளியானபின் அந்நாட்டு அரசு மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு வந்தபோது சிலர் உயிரோடிருக்கவில்லை.

ஆகவே, 'நிரந்தர' என்ற சொல்லைக் கண்டு மயங்கலாகாது. அரசு மாறினால் சட்டம் மாறும். சட்டம் மாறும்போது முதலில் அடிபடுகிறவன் வாக்கில்லாதவன். கனடாவில் வதிவிடம் மட்டும் உள்ளவர் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க இயலாது. பிரித்தானியாவில் பொதுநலவாய நாட்டினர் என்ற வகையில் இலங்கையர்க்கு வாக்குண்டு, அது விதிவிலக்கு. இலங்கையோ, 2024ஆம் ஆண்டுத் தேர்தல்கள் வரையில், வெளிநாட்டில் இருந்தபடி வாக்களிக்க எவ்வழியும் வகுக்கவில்லை. வரிகட்டும் நாட்டிலும் வாக்கில்லை. பிறந்த நாட்டிலும் வாக்கில்லை என்ற நிலையை நாமாக விரும்பி ஏற்பதா?

காணியும் உறுதியும்

மூன்றாவது காரணம் காணி. இதிலே நியாயம் உண்டு. கமக்காரர் கவனமாக வாசிக்க வேண்டும். வேறு நாட்டின் பிரசாவுரிமையைத் தாமாக விரும்பிப் பெறுவோர், முன்னேற்பாடு செய்யாவிடின், இலங்கைப் பிரசாவுரிமையை இழப்பர். இழந்தவர் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் இந்நாட்டில் காணி வாங்குவதைத் தடைசெய்கிறது. ஏற்கெனவே தம் பெயரிலுள்ள காணி அச்சட்டத்தால் பறிபோவதில்லை. மரபுரிமையாக நெருங்கிய உறவினரைச் சேர்வதற்கு விலக்கு உண்டு. இரட்டைப் பிரசாவுரிமை உடையவர்க்கும் விலக்கு உண்டு. விலைகொடுத்து வாங்குவதிலேதான் இடறு.

பங்குக் காணியில் இதன் விளைவைப் பாருங்கள். தகப்பன் விட்ட வயலில் அண்ணனுக்கும் தங்கைக்கும் பிரியாப் பங்கு. அண்ணன் தன் பங்கை விற்க முன்வருகிறான். அயலானிடம் போகாமல் உடன்பிறந்தாள் வாங்குவதற்குத் தேசவழமை முன்னுரிமை தந்திருக்கிறது. தங்கையோ இலங்கைப் பிரசாவுரிமையைத் தக்கவையாமல் கனடியப் பிரசை ஆனவள். கையிலே பணம் உண்டு, மனத்திலே ஆசை உண்டு, சட்டத்திலே இடமில்லை! வேறொருவர் பெயரில் எழுதிவைத்துப் பின்னர் வழக்காடி அலைகின்றவர் எத்தனை பேர்!

பழைய இலங்கைக் கடவுச்சீட்டை மறைவாக வைத்துக்கொண்டு சமாளிக்கலாம் என்று எண்ணுவோர்க்கும் ஒரு வார்த்தை. பிரித்தானியப் பிரசையாயிருந்த டயானா கமகே இலங்கைப் பிரசை அல்லர், ஆகவே பாராளுமன்றத்தில் இருக்கத் தகுதியற்றவர் என்று உயர்நீதிமன்றம் 2024 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. இராஜாங்க அமைச்சராயிருந்தவர்க்கே அந்தக் கதியென்றால், சாதாரண மனிதரின் உறுதிப் பத்திரம் எம்மாத்திரம்? இரட்டைப் பிரசாவுரிமை உடையவரும் பாராளுமன்றத்துக்குத் தெரிவாக முடியாது என்பதையும் அறிதல் வேண்டும். அவ்விதியால் கீதா குமாரசிங்க 2017இல் ஆசனம் இழந்தார். 2020ஆம் ஆண்டின் இருபதாம் திருத்தம் அத்தடையை நீக்கியது. 2022ஆம் ஆண்டின் இருபத்தோராம் திருத்தம் மீண்டும் விதித்தது.

அமைச்சரின் தராசு

ஆகவே, காணியைக் காட்டிப் பிரசாவுரிமையை மறுப்பவர்க்கு நமது விடை: காணியையும் காக்கலாம், பிரசாவுரிமையும் பெறலாம், அதற்கு வழி இரட்டைப் பிரசாவுரிமை. 1987ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வழியைத் திறந்தது. ஆனால் எப்படித் திறந்தது? இலங்கைக்கு நன்மை பயக்கும் என்று அமைச்சர் திருப்தியுற்றால் வழங்கலாம் என்று திறந்தது! கல்வித் தகைமை உண்டா, தொழிற் தகைமை உண்டா, சொத்து எவ்வளவு, வங்கி வைப்பு எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்கின்றனர். 2011இல் அந்த வழியையும் அடைத்தனர். 2015இல் மீண்டும் திறந்தனர். கதவு அவர்களுடையது, திறவுகோலும் அவர்களுடையது.

நாம் கேட்கிறோம்: இம்மண்ணில் பிறந்த மகளின் பெறுமதியை வங்கிக் கணக்கால் அளப்பதற்கு அமைச்சர் யார்? சூரிச் நகரத்து உணவகத்திலே பாத்திரம் கழுவி, அந்தக் காசில் வட்டக்கச்சியில் தகப்பனுக்கு உழவு இயந்திரம் வாங்கிக் கொடுத்தவள் இலங்கைக்கு நன்மை செய்யவில்லையா? பொருளாதாரம் தலைகீழாய் வீழ்ந்த 2022இல், வெளிநாட்டு நாணயம் அனுப்புங்கள் என்று புலம்பெயர்ந்தோரை நோக்கிக் கைநீட்டினார்களே. அப்போது தகைமைச் சான்றிதழ் கேட்டார்களா? பணத்துக்கு வேண்டிய பிள்ளை, பிரசாவுரிமைக்கு வேண்டாத பிள்ளையா? பிறப்பால் வந்த உரிமை, அதனை உரியவர் தாமாகத் துறந்தாலன்றி அழியாது என்று சட்டம் இயற்றப்படல் வேண்டும். தமிழ்ப் பிரதிநிதிகள் எக்கட்சியினராயினும் இதனைப் பாராளுமன்றத்தில் ஒருமித்துக் கேட்டல் வேண்டும்.

எல்லா நாடும் ஒன்றல்ல

நாம் கூறியது எங்கும் பொருந்தும் ஒரே விதி அன்று. சுவிற்சர்லாந்து 1992 முதலும், டென்மார்க் 2015 முதலும், நோர்வே 2020 முதலும், ஜேர்மனி 2024 ஜூன் முதலும் பழைய நாட்டுரிமையைத் துறக்குமாறு கேட்பதில்லை. கனடா 1977 முதல் கேட்பதில்லை. இந்நாடுகளில் தயங்குவதற்குக் காரணம் காணோம். சிங்கப்பூரும் இந்தியாவும் இரட்டை நாட்டுரிமையை ஏற்பதில்லை. அங்கே ஒன்றைப் பெறுதல் மற்றொன்றை இழத்தலாகும். பிள்ளைகளின் எதிர்காலம், ஊர்க்காணி, முதியோர் பராமரிப்பு யாவற்றையும் எண்ணி ஆறுதலாக முடிவு செய்தல் வேண்டும். தமிழ்நாட்டு முகாம்களில் உள்ள நம் உறவுகளுக்கோ, அந்தத் தெரிவே மறுக்கப்பட்டுள்ளது. இந்தியப் பிரசையை மணந்து ஏழாண்டு வாழ்ந்தவர் பதிவு கோரலாம் என்கிறது அந்நாட்டுச் சட்டம். பத்திரமின்றிக் கடல் கடந்தவரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்று பெயரிட்டு அதே சட்டம் கதவை மூடுகிறது.

இனிச் செய்யவேண்டியன

பெண்ணைப் பெற்றோரே! பேச்சுக்காலிலேயே மாப்பிள்ளையின் வதிவிட நிலையையும், உங்கள் பெண்ணுக்குக் கிடைக்கவிருக்கும் அனுமதியின் நிபந்தனைகளையும் எழுத்தில் கேளுங்கள். விசாரிப்பது அவமரியாதை அன்று. அவளுடைய கடவுச்சீட்டும் பத்திரங்களும் அவள் கையிலேயே இருக்கவேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். சென்ற நாளிலிருந்து அந்நாட்டு மொழியைக் கற்கச் சொல்லுங்கள். பிரசாவுரிமைப் பரீட்சையின் முதற்படி அதுவே.

கடல் கடந்து வாழும் சகோதரியரே, சகோதரரே! அயல்நாட்டுப் பிரசாவுரிமை கைக்கு வருமுன்னர் இலங்கைப் பிரசாவுரிமையைத் தக்கவைக்க விண்ணப்பியுங்கள். பிறகு மீளப்பெறுவதற்கும் வழியுண்டு, ஆயின் இடைக்காலத்தில் நீங்கள் வெளிநாட்டவர். அங்கே பிறக்கும் பிள்ளையை ஓராண்டுக்குள் இலங்கைத் தூதரகத்தில் பதிவுசெய்யுங்கள். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் தாய்வழியாகவும் அவ்வுரிமை பிள்ளைக்கு வரும்.

சட்டத்தரணிகளே, நொத்தாரிசுமாரே, கற்றோரே! உறுதி எழுத வருபவரிடம் எந்நாட்டுப் பிரசை என்று கேட்டு, சட்டத்தை நல்ல தமிழில் விளக்கிச் சொல்வது உங்கள் கடமை. கிராமத்து வாசிகசாலையிலும் கமக்காரர் சங்கத்திலும் மாதம் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கினால், எத்தனையோ வழக்குகள் முளையிலேயே ஒழியும்.

பிரசாவுரிமை பெற்றவன் தமிழனல்லாமற் போய்விடுவான் என்று அஞ்சுவோர்க்கு மலையகமே சான்று பகரும். நாடற்றவர் என்று இரண்டு அரசுகளும் கைவிட்ட காலத்திலும் அம்மக்கள் தமிழை விட்டாரில்லை. மொழியும் மண்பற்றும் பத்திரத்தில் இல்லை. வாக்கும், வாழிடமும், வழக்கும் பத்திரத்தில்தான் இருக்கின்றன. அப்பத்திரத்தைக் கேட்டுப் பெறுவதற்கு எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. பெறாது காலத்தைக் கழித்துவிட்டுப் பின்னர் அரசுகளின் வாசலில் நின்று இரக்கும் நிலை நம் மக்களுக்கு இனியும் வரலாகாது.